சிறு தோட்டத்தில் சில்வர் பிரின்சஸ்: பெர்த் வீடுகளில் வறட்சி தாங்கும் யூகலிப்டஸ் வளர்ப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு முன்புறத்தில் நிற்கும் மரம் ஜூன் மாதத்தில் பூக்கத் தொடங்கியதும், மாலையில் நடைப்பயிற்சிக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் வேலியோரம் நின்று பார்த்துவிட்டுக் கேள்வி கேட்காமல் போவதில்லை. திருநீறு பூசியதுபோல் வெளுத்த கிளைகளும், தரையை நோக்கித் தொங்கும் ரோஜா நிறப் பூக்குஞ்சங்களும், சுருள் சுருளாக உரியும் செம்பழுப்புப் பட்டையும் கொண்ட அந்தச் சிறு மரத்தை யூகலிப்டஸ் என்று சொன்னால் பலர் முதலில் நம்புவதில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும் அதையொத்த மழைக்காலக் குளிரும் வறண்ட கோடையும் உள்ள ஊர்களிலும் வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்காக, அந்தக் கேள்விகளையும் என் விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இது என்ன மரம்? ஏன் இரண்டு மூன்று பெயர்கள் சொல்கிறார்கள்?

இதன் தாவரவியல் பெயர் யூகலிப்டஸ் சீசியா. இந்த மண்ணின் ஆதிக்குடிகளான நூங்கார் மக்களின் மொழியிலிருந்து வந்த கங்கூரு என்ற பெயரும் இதற்கு உண்டு. சீசியா என்ற இலத்தீன் சொல் நீலம் கலந்த சாம்பல் நிறத்தைக் குறிக்கிறது. இலைக்காம்பு, இளங்கிளை, மொட்டு, காய் எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கும் வெண்மெழுகுப் பொடியைப் பார்த்தால் பெயரின் பொருத்தம் விளங்கும். 1867-இல் ஜார்ஜ் பெந்தம் இதனை முறைப்படி விவரித்தார். பின்னர் 1982-இல் புரூக்கர், ஹாப்பர் ஆகிய இருவரும் இதனைச் சீசியா, மேக்னா என்று இரண்டு துணையினங்களாகப் பிரித்தார்கள். இவற்றில் மேக்னா என்பது கிளைகள் நன்கு தாழ்ந்து தொங்குவது, பூவும் காயும் பெரியது. நர்சரிகளில் 'சில்வர் பிரின்சஸ்' என்ற பெயர்ச்சீட்டுடன் விற்கப்படுவது இதுவே. ஆயினும் பெரும்பாலான கன்றுகள் விதையிலிருந்து வளர்க்கப்படுவதால், ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு கன்றுகள்கூட உயரத்திலும் பூவின் நிறத்திலும் வேறுபடக்கூடும் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

நம் ஊர்த் தைலமரமும் இதுவும் ஒன்றா? தைலமரம் நிலத்தடி நீரை உறிஞ்சிவிடும் என்கிறார்களே?

நான் புதுக்கோட்டைப் பக்கத்தில் பிறந்தவன். மைல் கணக்கில் நிற்கும் தைலமரக் காடுகளுக்கு நடுவே பேருந்தில் பள்ளிக்குப் போனவன் என்பதால், இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் வருத்தம் எனக்கு நன்றாகவே தெரியும். மகள் வீட்டுக்கு வந்திருந்த காரைக்குடி அம்மா ஒருவர் எங்கள் மரத்தின் இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு, "தம்பி, இது நம்ம ஆர்.எஸ்.பதி மரந்தானே, இதைப் போய் வாசல்ல வைக்கலாமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

யூகலிப்டஸ் என்பது ஒரு மரத்தின் பெயரன்று, 700-க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட ஒரு பேரினத்தின் பெயர். நீலகிரியில் 19-ஆம் நூற்றாண்டில் நடப்பட்டது குளோபுலஸ் என்ற நெடுமரம்; சமவெளியில் தாள் ஆலைகளுக்காக நடப்பட்டவை பெரும்பாலும் டெரெட்டிகார்னிஸ் இனமும் அதன் கலப்பினங்களும். விரைந்து வளரும் அந்த மரங்களை நெருக்கமாக நட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டி, மறுபடி தழைக்கவிட்டு வளர்க்கும்போது அவை பெருமளவு நீரை எடுத்துக்கொள்கின்றன என்பதும், மழைநீர் நிலத்துக்குள் இறங்குவது குறைகிறது என்பதும் உண்மைதான். அதை மறுக்க நான் முற்படவில்லை. ஆனால் ஒரு முற்றத்தில் நிற்கும் ஒற்றைச் சிறுமரத்தை அந்தத் தோப்புகளோடு ஒப்பிடுவது முறையாகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதே மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை விளையும் உள்நாட்டில், ஆழமாக வேர்விட்ட இயல் மரங்களைப் பெருமளவில் அழித்துப் பயிர்நிலமாக்கியதால் நிலத்தடி நீர்மட்டம் மேலேறி, ஆழத்தில் கிடந்த உப்பையும் உடன் கொண்டுவந்து, ஏராளமான வயல்கள் உவர்நிலமாகிப்போயின. நம் ஊரில் எந்த மரத்தை நட்டதனால் துன்பம் வந்ததென்று சொல்கிறோமோ, அதன் உறவு மரங்களை வெட்டியதனால் இங்கே துன்பம் வந்தது. எந்த மரம், எந்த மண், எத்தனை மரம் என்று சேர்த்துக் கேட்டால்தான் சரியான விடை கிடைக்கும்.

வறட்சி தாங்கும் மரம் என்றால் தண்ணீரே ஊற்ற வேண்டாமா?

இந்தப் பக்கத்தில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் விடை இதுதான். வறட்சியைத் தாங்கும் வன்மை கன்றுக்கு இல்லை, அதன் வேருக்கு இருக்கிறது. அந்த வேர் உருவாகும்வரை இதுவும் மற்றக் கன்றுகளைப் போலவே வாடிச் சாகும்.

இந்த மரம் இயல்பாக வளரும் இடத்தைப் பார்த்தால் காரணம் புரியும். பெர்த்துக்குக் கிழக்கே, கோதுமை வயல்களுக்கு நடுவே, பாயஜின் பாறை போன்ற கருங்கல் குன்றுகள் தனித்தனியாக எழுந்து நிற்கின்றன. நார்த்தாமலையையும் குடுமியான்மலையையும் பார்த்த கண்ணுக்கு அவை அந்நியமாகத் தோன்றா. பாறையின் தலையில் நீர் தேங்கும் சுனைகள்கூட அங்கே உண்டு, அவற்றை நூங்கார் மக்கள் நாமா என்கிறார்கள். அந்த வட்டாரத்தில் மழை குறைவு. ஆனால் மொட்டைப் பாறையின் மேல் விழும் மழை முழுவதும் வழிந்து, பாறையின் வெடிப்புகளிலும் அடிவாரத்து மண்பையிலும் போய்ச் சேர்கிறது. கங்கூரு அந்த வெடிப்புகளில்தான் வேர் விடுகிறது. ஆகவே மழைமானி காட்டுவதைவிடக் கூடுதலான நீர் அதற்குக் கிடைக்கிறது. அந்த நீரும் தேங்கி நிற்காமல் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. கோடையில் வேர் அந்த ஆழத்து ஈரத்தைத் தேடிப் போகிறது.

வீட்டுத்தோட்டத்தில் நாம் செய்ய வேண்டியதும் இதையே: அடிக்கடி சிறிது சிறிதாக ஊற்றாமல், இடைவெளி விட்டு ஆழமாக நனைப்பது. நான் கடைப்பிடிக்கும் அளவு இது. முதல் கோடையில் வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு வாளி, அதாவது ஏறத்தாழ 10 லிட்டர், அடியில் மெதுவாக இறங்கும்படி ஊற்றுகிறேன். வெயில் 40 பாகை செல்சியஸைத் தாண்டும் நாள்களில் அதிகாலையில் இன்னொரு வாளி. இரண்டாம் கோடையில் 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை, 30 லிட்டர். மூன்றாம் கோடையிலிருந்து, மழை வழக்கம்போல் பெய்த ஆண்டுகளில், ஒன்றும் ஊற்றுவதில்லை.

'மழை வழக்கம்போல் பெய்த ஆண்டுகளில்' என்பதைக் கவனிக்க வேண்டும். 2022 ஜனவரியில் பெர்த்தில் தொடர்ந்து 6 நாள்கள் 40 பாகைக்கு மேல் கொளுத்தியது. 2023 அக்டோபர் முதல் 2024 ஏப்ரல் வரை மழை ஏறத்தாழ இல்லாமலே போனதால், மனிதர் நீர் ஊற்றாமலே காலங்காலமாக வாழ்ந்த காட்டு மரங்களும், குறிப்பாக மேல்மண் குறைந்த பாறைச் சரிவுகளில், பழுப்பேறிக் கருகின. அந்தக் கோடையில் வளர்ந்த மரத்துக்கும் மாதம் ஒருமுறை நான் நீர் விட்டேன். அதில் தவறேதும் இல்லை.

தண்ணீர்க் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு இதைச் செய்ய முடியுமா?

முடியும். பெர்த்தில் தெளிப்பான்களுக்கு வாரத்தில் 2 நாள்கள்தான் ஒதுக்கப்பட்டிருக்கின்றன, ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை அவற்றை அணைத்து வைக்க வேண்டும். வீட்டு ஆழ்குழாய்க் கிணறுகளுக்கும் 2022 செப்டம்பரிலிருந்து வாரம் 2 நாள் என்று ஆகிவிட்டது. வாளியாலும் கையில் பிடித்த குழாயாலும் ஊற்றுவதற்கு இந்த நாள்கணக்கு இல்லை. ஒரு கன்றுக்கு அதுவே போதும்.

எந்த மாதத்தில் நடுவது?

ஆடிப்பட்டம் தேடி விதைத்துப் பழகிய நமக்கு இங்கே கணக்குத் தலைகீழாகிறது. பெர்த்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி மே முதல் செப்டம்பருக்குள் பெய்துவிடுகிறது. நூங்கார் மக்கள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்திருக்கிறார்கள். அவற்றுள் வெயில் தணியும் ஜெரான், குளிரும் மழையும் நிறைந்த மக்குரு ஆகிய இரண்டுக்கும் இடைப்பட்ட நாள்களே, அதாவது ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை, நடவுக்கு உரிய காலம். அப்போது நட்டால், கோடை வருவதற்குள் வேருக்கு ஐந்தாறு மாத மழை கிடைக்கிறது. ஆடியில் நட்டாலும் குற்றமில்லை. நவம்பரில் நடுவது கன்றைத் துன்புறுத்துவதாகும்.

கடையில் பெரிய கன்று வாங்கினால் சீக்கிரம் பூக்காதா?

அப்படி நினைத்துத்தான் என் முதல் மரத்தை இழந்தேன். ஆளுயரம் வளர்ந்து, தொட்டியிலேயே பூத்திருந்த கன்றைத் தேடி வாங்கினேன். குழியில் கோழி எருவைத் தாராளமாக இட்டேன். சொட்டுநீர்க் குழாய் போட்டு, நாள்தோறும் நனைத்தேன். ஓராண்டில் இரண்டு மீட்டர் வளர்ந்து கண்ணைப் பறித்தது. அடுத்த ஜூலையில் ஓர் இரவுப் புயற்காற்றில் மரம் அடியோடு சாய்ந்து கிடந்தது. வேரைத் தூக்கிப் பார்த்தபோதுதான் விளங்கிற்று: தொட்டியின் வடிவம் கொஞ்சமும் மாறாமல், நூற்கண்டுபோல் வேர்கள் ஒன்றையொன்று சுற்றிக் கிடந்தன. ஒரு வேர்கூட அந்த வட்டத்தைத் தாண்டி ஒரு முழம் வெளியே போகவில்லை. தினமும் வாயருகே நீர் வந்துகொண்டிருக்கும்போது அது எதற்காகப் போகும்?

யூகலிப்டஸ் வேர் ஒருமுறை சுருண்டுவிட்டால் பின்னால் தானே நிமிர்வது அரிது. ஆகவே கையளவு உயரமுள்ள சிறு கன்றை, ஒடுங்கிய குழல் தொட்டியில் இருப்பதை, வாங்குங்கள். விலையும் குறைவு. வாங்குமுன் அடித்துளையைப் பாருங்கள். தடித்த வேர் வெளியே சுற்றியிருந்தால் வேறொன்றை எடுங்கள். இப்போது எங்கள் வாசலில் நிற்பது அப்படி வாங்கிய 15 சென்டிமீட்டர் கன்றுதான். மூன்றாம் குளிர்காலத்தில் முதற்பூ பூத்தது.

மண்ணை எப்படித் தயார் செய்வது?

வடிகால் நன்றாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. பெர்த்தின் மணலில் வேறொரு சிக்கல் உண்டு: கோடையில் காய்ந்த மணலின் துகள்கள்மேல் மெழுகுபோன்ற பூச்சுப் படிந்து, ஊற்றும் நீர் உள்ளே இறங்காமல் உருண்டோடிவிடும். மேலே ஈரமாகத் தெரியும், விரலை விட்டுக் கிளறினால் ஓர் அங்குலத்துக்குக் கீழே மாவுபோல் உலர்ந்திருக்கும். இதற்கென விற்கும் மண் நனைப்பானைக் கரைத்து ஊற்றலாம். சிறிது களிமண்ணையும் மட்கிய உரத்தையும் பரவலாகக் கலக்கலாம். குழிக்குள் மட்டும் வளமான மண்ணை நிரப்பக் கூடாது. அது தொட்டிக்குப் பதில் இன்னொரு தொட்டியைக் கொடுப்பதாகும்.

குழி, கன்றின் தொட்டி அளவுக்கு ஆழமும் மூன்று மடங்கு அகலமும் இருந்தால் போதும். சுற்றிலும் பாத்தி கட்டி, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் பருமனான மரச்சீவல் மூடாக்குப் போடுங்கள். தண்டை ஒட்டி மட்டும் ஒரு சாண் இடம் விடுங்கள். கடலோரச் சுண்ணாம்பு மண்ணில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறைவு. அத்தகைய மண்ணில் இதோடு போராடுவதைவிட, சுண்ணாம்பை விரும்பும் இன்னொரு யூகலிப்டஸான எரித்ரோகோரிஸை, அதாவது இல்யாரியை, நடுவது மேல்; அதன் செந்நிற மூடிக்குள்ளிருந்து மஞ்சள் பூ வெடித்து வருவதும் தனி அழகு.

உரம்?

ஏறத்தாழ வேண்டியதில்லை. இட விரும்பினால், இயல் தாவரங்களுக்கென்று விற்கும் பாஸ்பரஸ் குறைந்த மெல்லக் கரையும் உரத்தை இளவேனிலில் ஒரு பிடி இடுங்கள்.

வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் நடலாம்? எவ்வளவு உயரம் வரும்?

தோட்டங்களில் பொதுவாக 5 முதல் 8 மீட்டர்வரை வளர்கிறது. அகலம் 3 முதல் 5 மீட்டர். சுவரிலிருந்தும் கழிவுநீர்க் குழாயிலிருந்தும் 4 மீட்டராவது தள்ளி, நாள் முழுதும் வெயில் படும் இடத்தில் நடுங்கள். நிழலில் நட்டால் ஒளியைத் தேடி ஒருபுறமாக ஓடிவிடும். காட்டுத்தீ அபாயம் உள்ள குன்றுப்பகுதிகளில் இருப்பவர்கள் உள்ளாட்சி மன்றத்தின் விதிகளைப் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். உதிர்ந்த இலையும் பட்டையும் எண்ணெய்ப் பசை உடையவை, கோடைக்கு முன் கூட்டி அள்ளிவிட வேண்டும்.

என் மரம் கோணலாக, ஒல்லியாக வளர்கிறதே, நிமிர்த்திக் கட்டலாமா? கவாத்துச் செய்யலாமா?

தொங்குவது இதன் இயல்பு, அதை நேராக்க முயல வேண்டாம். இறுக்கிக் கட்டிய முட்டுக்கொம்பு தண்டை வலுவிழக்கச் செய்யும். காற்றில் அசைந்தாடும்போதுதான் தண்டு பருக்கிறது. மிகவும் காற்றடிக்கும் இடமானால் இரண்டு பக்கமும் கொம்பு நட்டு, தளர்வான துணிநாடாவால் ஓராண்டு மட்டும் தாங்கிப் பிடியுங்கள்.

மரம் பார்க்கவே பொறுக்காத வடிவத்துக்குப் போய்விட்டால் துணிவான வழி ஒன்று உண்டு. இது மாலீ வகை: மண்மட்டத்தில், தண்டின் அடியில், ஒரு கிழங்குபோல் தடித்த கட்டை உருவாகி, அதில் உறங்கும் மொட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். காட்டில் தீ வந்து மேலே எல்லாம் எரிந்தாலும் அந்தக் கட்டையிலிருந்து பல தண்டுகள் எழும். தோட்டத்தில் தீயின் வேலையை ரம்பம் செய்யலாம். கட்டை நன்கு திரண்ட பின், மூன்றாம் நான்காம் ஆண்டில், பூத்து ஓய்ந்ததும், தரையிலிருந்து ஒரு சாண் விட்டு மொத்தமாக அறுத்துவிடுங்கள். சில வாரங்களில் செந்நிறத் தளிர்கள் கொத்தாகப் புறப்படும். நல்ல நான்கைந்தை நிறுத்திக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். ஒல்லி மரம் புதராகத் திரும்பி வரும். ரம்பத்தை வைக்கும்போது மனம் கலங்கத்தான் செய்யும். நானும் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன்.

பூவில் இதழே இல்லையே, ஏன்?

யூகலிப்டஸ் பூக்களுக்கு நாம் அறிந்த இதழ்கள் கிடையா. இதழ்கள் ஒன்றாய் இணைந்து மொட்டின் மூடியாகிவிடுகின்றன. காலையில் அருகே நின்று பார்த்தால், மூன்று மூன்றாகத் தொங்கும் மொட்டுகளில் ஒன்றின் கூம்பு மூடி விளிம்பில் கீறி, மெல்லத் தள்ளப்பட்டு, பொத்தென்று விழும். உள்ளே மடங்கிக் கிடந்த ரோஜா நிறக் கேசரங்கள் ஒவ்வொன்றாக நிமிரும். நுனியில் பொன்மஞ்சள் மகரந்தப் பைகள் புள்ளி வைத்ததுபோல் இருக்கும். விழுந்த மூடியைக் கையில் எடுத்தால் வெண்பொடி விரலில் ஒட்டும். அதன்பின் வாட்டில் பேர்ட் முதலான தேனுண்ணும் பறவைகள் வந்து தலைகீழாகத் தொங்கிக் குடிக்கும். மே முதல் செப்டம்பர்வரை, மற்றப் பூக்கள் அருகும் குளிர்காலத்தில் இந்தத் தேன் கிடைப்பதால், பறவைகளுக்கு இது பெரிய உதவி.

பூச்சி விழுந்தால் மருந்து அடிக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். இலையில் சர்க்கரைப் பொட்டுபோல் வெள்ளை மூடிகள் தெரிந்தால் அவற்றின் அடியில் சாறுறிஞ்சும் சிறு பூச்சிகள் இருக்கும். பறவைகளே அவற்றைப் பொறுக்கித் தின்றுவிடும். கறுத்த புழுக்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டு வாலைத் தூக்கி மஞ்சள் நீரைக் கக்கினால் அவை ரம்பப்பூச்சியின் புழுக்கள். கிளையோடு வெட்டி எடுத்துவிடலாம். மருந்தடித்தால் தேனுக்கு வரும் பறவையும் தேனீயும் துன்புறும்.

விதையிலிருந்து வளர்க்கலாமா? காட்டில் போய்ப் பறிக்கலாமா?

வீட்டு மரத்தின் மணி வடிவக் காயை, முந்தைய ஆண்டில் காய்த்துக் கெட்டிப்பட்டதாகப் பார்த்துப் பறித்து, தாளுறையில் போட்டு வெப்பமான இடத்தில் வைத்தால் வாய் திறந்து விதையைக் கொட்டும். ஊறவைப்பதோ வெந்நீரில் போடுவதோ தேவையில்லை. மெல்லிய மணல் கலந்த கலவையின் மேல் தூவி, மேலே மணல் லேசாகத் தெளித்து, ஈரம் காயாமல் காத்தால் ஒன்று முதல் மூன்று வாரத்தில் முளைக்கும். இரண்டு இணை இலை வந்ததும் வேர் சுருளுமுன் குழல் தொட்டிக்கு மாற்றுங்கள்.

காட்டில் பறிப்பது கூடாது. இது ஒருசில கருங்கல் குன்றுகளில் மட்டுமே இயல்பாக வாழும் அரிய மரம். அரசு நிலத்தில் இயல் தாவரங்களின் விதையை எடுக்க உரிமம் வேண்டும்.

இலையிலிருந்து தைலம் எடுக்கலாமா?

வேண்டாம். தைலத்துக்காக வளர்க்கும் இனங்கள் வேறு. எந்த யூகலிப்டஸ் எண்ணெயும், குறைந்த அளவிலேயே கூட, குழந்தைகள் விழுங்கினால் பெருந்தீங்கு செய்யும்.

ஊருக்குப் போகும்போது விதை எடுத்துப் போய்த் தமிழ்நாட்டில் நடலாமா?

ஆசை புரிகிறது, ஆனாலும் செய்யாதீர்கள். இந்தியாவுக்கு விதை கொண்டுபோக 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி முன் அனுமதியும் நலச்சான்றும் வேண்டும். அதைப் பெற்றாலும், குளிரில் மழையும் வெயிலில் வறட்சியும் பழகிய இந்த மரத்துக்கு, புழுக்கமான கடலோரக் கோடையும் வடகிழக்குப் பருவமழையின் வெள்ளமும் ஒத்துவரா. ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே, கோடை புழுங்கும் பிரிஸ்பேனில் இது நன்றாக வளர்வதில்லை. புதுக்கோட்டைப் பாறைச் சரிவுக்கு உசிலையும் வெப்பாலையும் இருக்கின்றன. ஊரில் நட விரும்பினால் அவற்றை நடுங்கள்.